ஊர் நடுவரும் ஓலைக்குடமும்

ஓர் ஊரில் எழும் வழக்கைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் நடுவரை அமர்த்தும் உரிமை யாருக்கு உரியது? குடிப்பிறப்புக்கு உரியது என்பது ஒரு விடை. அரசுக்கு உரியது என்பது மற்றொரு விடை. ஊர் மக்களுக்கே உரியது என்பது மூன்றாவது விடை. இம்மூன்று முறைகளும் தமிழ்நாட்டில் வெவ்வேறு காலங்களில் வழங்கியவையே. இவற்றுள் மூன்றாவதாகிய தேர்தல் முறை இன்று அரசியற் பதவிகள் யாவற்றிற்கும் உரியதாகிவிட்டது. ஊராட்சித் தலைவர் முதல் சட்டமன்ற உறுப்பினர் ஈறாக அனைவரும் மக்களிடம் வாக்குக் கேட்டே பதவி பெறுகின்றனர். அங்ஙனமே ஊர் நடுவரும் வாக்குக் கேட்டுப் பதவி பெறுதல் தகுமா, தகாதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையும், அம்மலை வட்டத்தின் தலைமையிடமாகிய வெள்ளிமலையும் தொடக்க நிலமாகக் கொள்ளப்படுகின்றன. நடுவர் பதவி பற்றிய வினா அங்கு நூலறிவைச் சார்ந்த வினாவாக மட்டும் இருந்ததில்லை. பல தலைமுறைகளாக அது வாழ்க்கையைச் சார்ந்த வினாவாகவே இருந்துவந்தது.

1. மலையின் பழைய நிலை

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கோமுகி ஆறு தோன்றுமிடம் இது. இம்மலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்வோர், அஃதாவது மலையில் வாழ்வோர், என்னும் பொருளுடையது. கேரள நாட்டு மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. இவர்கள் பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்றும், உடன்பிறந்தார் மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் கூறும் வாய்மொழி வரலாறு இவர்களிடையே உண்டு. கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை ஆகியவற்றில் வாழும் மலையாளிகளும் இதனையொத்த வரலாற்றையே கூறுவர்.

இம்மலை நெடுங்காலம் சாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பட்டப்பெயர்களுடைய மூன்று குடும்பத்தார் மலையூர்களைத் தமக்குள் பகுத்துக்கொண்டு வழிவழியாக ஆண்டனர். நிலத்தின்மேல் உரிமையும் வரி தண்டும் உரிமையும் அவர்களுடையனவாக இருந்தன. ஆங்கில ஆட்சி சென்னை மாகாணம் முழுதும் பரவிய பின்னும், நாடு 1947ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற பின்னும் இந்நிலை நீடித்தது. 1976ஆம் ஆண்டிலேயே இம்மலை அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது.

இதிலிருந்து நாம் கருதவேண்டுவது ஒன்று உண்டு. நிலத்துக்கு உரியவரும், வரி தண்டுபவரும், ஊரின் தலைமகனும் ஒருவரே ஆகுமிடத்து, வழக்குத் தீர்க்கும் பொறுப்பும் இயல்பாகவே அவர் கையிற் சென்று சேரும். சிறு பூசல்களை ஊர்ப்பெரியோர் கூடித் தீர்ப்பர். ஆயினும் நிலம் பற்றியும் வரி பற்றியும் எழும் வழக்கில் ஒரு கட்சிக்காரர் யார்? வரி கொடுக்க மாட்டாத குடியானவன் ஒரு கட்சி; வரி வாங்குபவர் மறு கட்சி. அவ்விருவருள் ஒருவரே நடுவராகவும் அமர்வாராயின் அவ்விடத்து நடுவுநிலைமை எங்ஙனம் நிற்கும்? பரம்பரை நடுவரின் குறை அவர் தீயவர் என்பதன்று. அவர் நல்லவராயினும் அவரை நீக்கும் வழி இல்லை என்பதும், அவர் வேறொரு கையால் பொருள் பெறுகின்றார் என்பதுமே அம்முறையின் குறைகளாம்.

2. அவையமும் சான்றும்

பரம்பரைத் தலைவர் ஒருவரே தீர்ப்பளிக்கும் முறைக்கு மாறாக, பலர் கூடிய அவை தீர்ப்பளிக்கும் முறை தமிழில் மிகப் பழையது. அறங்கூறும் அவையம் என்னும் தொடர் சங்க இலக்கியத்தில் வழங்குகின்றது. சோழர் தலைநகராகிய உறையூரின் அவையம் அறத்துக்குப் பேர்போனது எனப் புலவர் பாராட்டினர். மதுரையின் அவையத்தை மதுரைக்காஞ்சி எடுத்துரைக்கின்றது. திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரம் தனியே அமைந்துள்ளது. நடுவர் என்னும் சொல்லே இரு கட்சிக்கும் நடுவில் நிற்பவர் என்னும் பொருளைத் தன்னுள் அடக்கியுள்ளது. ஒரு புறம் சாய்ந்தவர் அப்பெயருக்கு உரியர் ஆகார்.

கல்வராயன் மலைக்கு அணித்தான நடுநாட்டிலேயே புகழ்பெற்ற வழக்கு ஒன்று நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்திற் பாடியுள்ளார். சுந்தரரின் திருமணத்தன்று முதியவர் ஒருவர் வந்து, இவர் எனக்கு அடிமை என வழக்கிட்டார். அவ்வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையின் முன் சென்றது. அவையத்தார் முதியவரை நோக்கிச் சான்று கேட்டனர். வழிவழி வரும் வழக்கம், எழுத்தாலாகிய ஆவணம், கண்டவர் கூறும் சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றேனும் வேண்டும் என்பது அவர்களின் நெறி. முதியவர் ஓலையைக் காட்டினார். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டன் கையெழுத்தையும் ஒப்பிட்டு, அவை தீர்ப்புக் கூறியது. அத்தீர்ப்பு செல்வாக்கு மிக்க இளைஞராகிய சுந்தரருக்கு மாறாக அமைந்தது.

இதனைப் பக்தி வரலாறாகக் கொள்வார் அங்ஙனமே கொள்க. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புலவர் ஒருவர், ஊரவை என்றால் எவ்வாறு நடக்கவேண்டும் என எண்ணினார் என்பதற்கு இது நல்ல சான்றாகும். அவையோர் பலர், சான்று எழுத்தில் இருக்கின்றது, அதனை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை எல்லோரும் காண நடைபெறுகின்றது. தோற்றவரும் தீர்ப்பை ஏற்கின்றார். தோற்றவர் ஏற்கும் தீர்ப்பே தீர்ப்பாகும். வென்றவர் எந்தத் தீர்ப்பையும் ஏற்பர்.

இத்தகைய அவை வெறும் காப்பியக் கற்பனை அன்று. வேட்டைக்குச் சென்ற இடத்தில் தவறுதலாக அம்பெய்து ஒருவரைக் கொன்றவரின் வழக்கை நாட்டார் கூடி ஆராய்ந்த செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சில கூறுகின்றன. கொல்லும் எண்ணம் இல்லாமையைக் கருதி, உயிருக்கு உயிர் வாங்காமல், கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கக் கால்நடை கொடுக்குமாறு அந்நாட்டார் விதித்தனர்.

3. உத்தரமேரூரின் ஒழுங்குகள்

அவையில் அமர்வோரை எவ்வாறு தெரிவது? இதற்கு மிக விரிவான விடை காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் உள்ளது. அங்குள்ள வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. இரண்டு ஆண்டுகளுக்குள் விதிகள் திருத்தப்பெற்றன என்பதே, முதல் முறையில் கண்ட குறைகளை ஊரார் விரைந்து களைந்தனர் என்பதைக் காட்டும்.

ஊர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பகுக்கப்பட்டிருந்தது. வாரியத்தில் அமர விரும்புவோர்க்கு 921ஆம் ஆண்டு விதி வகுத்த தகுதிகள் பின்வருவன: கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை, தன் மனையில் வீடு கட்டி வாழ்தல், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்படுதல், மறையறிவு, ஒழுக்கத் தூய்மை. நிலம் அரைக்கால் வேலியே உடையராயினும் கல்வியில் மிக்கார்க்கு இடம் உண்டு. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர்க்கு இடமில்லை.

தகுதியினும் தகுதியின்மையே மிக நுட்பமாக வகுக்கப்பட்டுள்ளது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவர் மட்டும் அன்று. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பேரன்னை மக்கள் ஆகிய உறவினரும் வர முடியாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர், பொய்யாவணம் எழுதிக் கழுதைமேல் ஏற்றப்பட்டவர், பெருந்தீவினை புரிந்தவர் ஆகியோரும் விலக்கப்பட்டனர்.

இவ்வாறு வடித்தெடுத்தபின் நிற்போரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்திலிடுவர். இளையோர் முதியோர் உள்ளிட்ட பெருங்குறி மகாசபை கூடும். கோயில் நம்பிமார் அனைவரும் சபை நடுவே அமர்வர். அவருள் முதியவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திக் காட்டுவர். உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியத்தன் என்பான் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். பின்னர் நம்பிமாரும் அதனை வாசிப்பர். விரல்களை விரித்து ஏற்கவேண்டும் என்ற விதி, கைக்குள் மறைத்த வேறோர் ஓலையை மாற்றிவைக்கும் கள்ளத்தைத் தடுப்பதற்காகும்.

இம்முறையால் ஆட்டை வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் அமைந்தனர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் இதனை ஒத்த முறையால் அமைந்தன. பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கம். 12 சேரியிலும் அறச்செயலை மேற்பார்க்கும் வாரியர் இருந்தனர் என்றும், பழைய வாரியத்தார் ஒழிந்தபின் அடுத்த தேர்வுக்குச் சபையைக் கூட்டும் கடமை அவர்க்கு உரியது என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. இவரை நீதி வாரியத்தார் என அறிஞர் விளக்குவர். அறம் காப்பவரிடமே தேர்வைக் கூட்டும் பொறுப்பை ஒப்படைத்தது எண்ணத்தக்கது.

குடவோலை இவ்வூரார் புதிதாகப் படைத்ததன்று. கயிற்றாற் பிணித்துப் பொறியிட்ட குடத்தைத் திறந்து ஓலை எடுக்கும் வழக்கத்தை அகநானூற்றின் 77ஆம் பாட்டு உவமையாக எடுத்தாள்கின்றது. தெற்கே நெல்லை மாவட்டத்து மானூரில் ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் கல்வெட்டும் சபையில் அமர்வோர்க்குத் தகுதி வகுத்துள்ளது. எச்செயலுக்கும் அன்று அன்று எனக் கூறித் தடை செய்வார்க்குத் தண்டம் விதிக்கும் அரிய விதியும் அதன்கண் உண்டு.

4. இவ்விதிகளின் உட்பொருள்

உத்தரமேரூர் முறையை இக்காலத்துத் தேர்தலின் முன்மாதிரி எனப் பலர் எழுதுவர். இரண்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. இக்காலத் தேர்தலில் வேட்பாளர் வீடுதோறும் சென்று வாக்குக் கேட்கின்றார். குடவோலையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. தகுதியுடையார் பெயர் குடத்தில் விழுகின்றது. எப்பெயர் வெளிவரும் என்பதை எடுக்கும் சிறுவனும் அறியான். ஆகவே பதவிக்கு வந்தவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர். வாக்களித்தவரும் இல்லை, வாக்களிக்க மறுத்தவரும் இல்லை.

நடுவர் பதவிக்கு இவ்வேறுபாடே உயிர்நிலையாகும். சட்டமன்ற உறுப்பினர் தம்மைத் தேர்ந்தெடுத்தவர் நலனுக்காகப் பேசுதல் கடமை. நடுவர் அவ்வாறு பேசுவாராயின் அது குற்றம். ஒரே செயல் ஒரு பதவிக்கு அறமாகவும் மற்றொரு பதவிக்கு மறமாகவும் அமையுமாயின், அவ்விரு பதவிகளுக்கும் ஒரே தேர்வு முறை போதாது என்பது வெளிப்படை.

இனி, அம்முறையின் எல்லையையும் மறைத்தல் ஆகாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேய ஊர். நிலமும் மறையறிவும் உடைய ஆடவர்க்கே குடத்தில் இடம் இருந்தது. பெண்டிர்க்கும், நிலமற்றார்க்கும், பிற குலத்தார்க்கும் இடமில்லை. ஏர் உழுதவன் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. ஆதலின் அதன் தகுதி விதிகளை நாம் அப்படியே மேற்கொள்ளல் இயலாது. அதன் தடை விதிகளோ இன்றும் பயன்படத்தக்கன. குறுகிய காலம், இடைவெளி, கணக்கு, உறவு விலக்கு, எல்லோரும் காணும் தேர்வு, உடன் நீக்கம் என அவற்றை ஆறாகத் தொகுக்கலாம்.

5. ஆங்கிலர் காலத்து ஊர் நீதிமன்றம்

சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டு ஒழுங்குச் சட்டங்கள் ஊர்த்தலைவரை ஊர் முன்சீப் ஆக்கின. பத்து ரூபாய்க்கு உட்பட்ட சிறு வழக்குகள் அவர் கையில் விடப்பட்டன. ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அச்சட்டங்கள் இடம் தந்தன. இவ்வேற்பாட்டின் பின்னணியில் தாமசு மன்றோவின் கருத்துகள் இருந்தன. தொலைவில் உள்ள நீதிமன்றத்தினும் ஊருக்குள் தெரிந்தவர் தரும் தீர்ப்பே குடிகளுக்கு ஏற்றது என்பது அவர் கொள்கை. ஆயினும் பஞ்சாயத்துகள் எதிர்பார்த்த அளவுக்கு வழக்கில் வரவில்லை. ஊர் முன்சீப்பே நிலைத்தார்.

அவர் யார்? ஊரில் வரி தண்டும் மணியக்காரரே. பதவி பரம்பரையாக வந்தது. 1889ஆம் ஆண்டின் ஊர் நீதிமன்றச் சட்டம் அவருடைய அதிகாரத்தை விரித்தது. 1895ஆம் ஆண்டின் பரம்பரை ஊர்ப்பதவிச் சட்டம் அவர் குடும்பத்தின் உரிமையை உறுதி செய்தது. கல்வராயன் மலையிற் கண்ட அதே குறை, அளவிற் சிறுத்துச் சமவெளியிலும் நின்றது எனலாம். வரி வாங்கும் கையும் தீர்ப்பெழுதும் கையும் ஒன்றாகவே இருந்தன.

1920ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒரு புது வழி திறந்தது. ஊரார் தேர்ந்தெடுக்கும் உறுப்பினரைக் கொண்ட பஞ்சாயத்து நீதிமன்றங்களுக்கு அது வகை செய்தது. தமிழகத்தில் ஊர் நடுவர், இக்காலப் பொருளில், தேர்தல் வழியாகப் பதவி பெற்றது இவ்வேற்பாட்டினாலேயே ஆகும். பின்னர் 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, ஊராட்சிகளை அமைக்குமாறு 40ஆம் உறுப்பிலும், நீதித்துறையை நிருவாகத்துறையினின்று பிரிக்குமாறு 50ஆம் உறுப்பிலும் அரசுக்கு வழிகாட்டியது. ஊரின் தலைவரே ஊரின் நடுவராகவும் இருத்தல் இவ்விரண்டாம் நெறியோடு முரணுவது. பழைய ஊர்ப்பதவிகளைத் தமிழக அரசு 1980ஆம் ஆண்டில் ஒழித்தது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் நடைபெறும் தேர்தல்களில் ஊர் நடுவர் என்னும் பதவிக்குத் தேர்தல் இல்லை.

6. பிற இடங்களின் பட்டறிவு

இந்தியாவில் ஊர் நடுவர் தேர்தல் இன்றும் நடைபெறும் மாநிலம் பீகார். 2006ஆம் ஆண்டின் பீகார் ஊராட்சிச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராமக் கச்சேரி ஒன்று உண்டு. அதன் தலைவராகிய சர்பஞ்சையும் உறுப்பினராகிய பஞ்ச்களையும் மக்கள் நேரே தேர்ந்தெடுப்பர். ஊராட்சியை நடத்தும் தலைவர் முக்கியா எனப்படுவார். அவர் வேறு, சர்பஞ்ச் வேறு. பதவிகளிற் பாதி பெண்களுக்கு உரியது. வழக்கைக் கேட்கும் அமர்வில் சர்பஞ்சும், கட்சிக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்த ஒவ்வொரு பஞ்சும், சர்பஞ்ச் தெரிந்த பஞ்ச் இருவருமாக ஐவர் இருப்பர். சட்டம் பயின்ற நியாயமித்திரர் ஒருவர் துணை நிற்பார். முதலில் இணக்கம் காண முயல வேண்டும். சிறை விதிக்கும் அதிகாரம் இல்லை. தண்டம் 1,000 ரூபாய்க்கு மிகாது.

இவ்வமைப்பில் பாராட்டத்தக்க கூறு, கட்சிக்காரரே அமர்வில் தம் பங்குக்கு ஒருவரைத் தெரியலாம் என்பது. வாக்குப் பெட்டியால் வரும் சார்பை அது ஓரளவு சமன் செய்கின்றது. அதிகாரத்தைச் சிறிதாக்கியதும் அறிவுடைமையே. தேர்தலால் வந்த நடுவர் கையில் ஒருவரின் உரிமை வாழ்வைப் பறிக்கும் ஆற்றலை அச்சட்டம் விடவில்லை.

அமெரிக்க ஒன்றிய நாட்டில் நடுவர் தேர்தல் மிக விரிந்தது. தம் நடுவர் அனைவரையும் தேர்தலால் அமர்த்திய முதல் மாநிலம் மிசிசிப்பி, ஆண்டு 1832. இன்று 39 மாநிலங்களில் ஏதேனும் ஒரு வகை நடுவர் தேர்தல் உண்டு. நியூயார்க்கு மாநிலத்துச் சிற்றூர் நடுவருட் பலர் சட்டம் பயிலாதவர். ஊரார் வாக்கால் வந்தவர். மன்னரும் ஆளுநரும் தம் ஆட்களையே நடுவராக்கிய கொடுமையிலிருந்து தப்பவே அந்நாட்டார் தேர்தலை நாடினர். நோக்கம் நன்று.

விளைவு எவ்வாறு இருந்தது? மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நிலக்கரி நிறுவனம் ஒன்றன்மேல் 5 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு வர இருந்த நிலையில், 2004ஆம் ஆண்டில், அம்மாநில உயர்மன்ற நடுவர் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக அந்நிறுவனத் தலைவர் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் செலவிட்டார். அவ்வேட்பாளர் வென்றார், வழக்கிலிருந்து விலக மறுத்தார், நிறுவனத்துக்குச் சார்பான பெரும்பான்மையில் ஒருவராக நின்றார். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம், அவர் விலகியிருக்க வேண்டும் என ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. அவர் உண்மையில் ஒருபுறம் சாய்ந்தாரா என்பதன்று அத்தீர்ப்பின் வினா. சாய்ந்திருப்பார் என எவரும் ஐயுறத்தக்க நிலை எழுந்ததா என்பதே.

மெக்சிகோ 2025ஆம் ஆண்டு சூன் முதல் நாளில் தன் உச்சநீதிமன்ற நடுவர் உள்ளிட்டாரைத் தேர்தலால் தெரிந்தது. வாக்களிக்க வந்தோர் நூற்றுக்குப் பதின்மூவர் அளவினரே. முன்பின் அறியாத பலர் பெயர் நிரம்பிய சீட்டைக் கண்டு மக்கள் மலைத்தனர். ஊரளவில் அறிமுகம் உண்டு. ஆனால் அறிமுகத்தோடு உறவும் பகையும் உண்டு. நாட்டளவில் உறவும் பகையும் இல்லை, அறிமுகமும் இல்லை. நடுவர் தேர்தலின் இடர்ப்பாடு இவ்விரண்டுக்கும் இடையில் கிடக்கின்றது.

7. இன்றைய வெள்ளிமலை

1976ஆம் ஆண்டுக்குப் பின் கல்வராயன் மலையில் அரசு நிருவாகம் வந்தது; ஊராட்சித் தேர்தல்களும் வந்தன. 2019ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. வெள்ளிமலையில் வட்ட அலுவலகமும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் உள்ளன. ஒரு காலத்தில் சாகீர்தாரின் குடிகளாயிருந்தோரின் மக்கள் இன்று வாக்காளரும் வேட்பாளரும் ஆவர். இஃது எளிய மாற்றம் அன்று.

வழக்கு என வரும்போது நிலை வேறு. நீதிமன்றத்தை நாடுவோர் மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குச் செல்லவேண்டும். ஒரு நாட்கூலியும் பேருந்துச் செலவும் இழந்தே ஒவ்வொரு வாய்தாவுக்கும் செல்லல் வேண்டும். அதனால் வேலித் தகராறு, கால்நடை மேய்ச்சல், மணமுறிவு, பாகப்பிரிவினை போன்றவை பெரியோர் முன்னிலையில் ஊருக்குள்ளேயே பேசித் தீர்க்கப்படுவது மலையூர்களின் இயல்பு. இப்பேச்சு இருவரும் இசைந்து செய்வதாயின் அது இணக்கம். இசையாதவரை ஊர்விலக்கும் தண்டமும் காட்டி அச்சுறுத்துவதாயின் அதுவே கட்டப்பஞ்சாயத்து. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து சட்டத்துக்குப் புறம்பானது எனத் திட்டவட்டமாகக் கூறியது.

பழங்குடி மக்களின் வழக்கத் தீர்வு முறைக்குச் சட்டத்தில் இடமே இல்லையா எனின், உண்டு. 1996ஆம் ஆண்டின் நடுவண் சட்டம், அட்டவணைப் பகுதிகளில் கிராம சபை தன் மக்களின் வழக்கப்படி பூசல்களைத் தீர்த்துக்கொள்ளும் தகுதியுடையது என ஏற்றது. அச்சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கே உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஏதும் இல்லை. கல்வராயன் மலை மலையாளிகள் அட்டவணைப் பழங்குடியினர். அவர்கள் வாழும் மலையோ அட்டவணைப் பகுதி அன்று. ஆதலின் அவர்தம் ஊர்ப்பேச்சுக்கு அச்சட்டத்தின் ஏற்பும் இல்லை. அதனோடு வரும் ஒழுங்கும் இல்லை.

மற்றொரு வழி 2008ஆம் ஆண்டின் கிராம நியாயாலயச் சட்டம். அதன்படி நியாயாதிகாரி ஒருவர் ஊர்களுக்கே சென்று வழக்குக் கேட்பார். அவர் தேர்தலால் வருபவர் அல்லர். முதல் வகுப்பு நடுவராகத் தகுதியுடையாரை உயர்நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு மாநில அரசு அமர்த்துகின்றது. நீதிமன்றம் மலையேறி வருதல் என்னும் கருத்து வெள்ளிமலை போன்ற இடத்துக்கு மிகப் பொருந்துவது.

8. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால் அறியக்கிடப்பன இவை. பரம்பரை நடுவரை நீக்க இயலாது. அரசு அமர்த்தும் நடுவர் சார்பற்றவராயினும் தொலைவில் இருக்கின்றார். வாக்குக் கேட்டு வந்த நடுவர் அருகில் இருக்கின்றார். ஆயின் கடன்பட்டவராக இருக்கின்றார். தேர்தல் மட்டும் நடுவரை ஆக்குவதில்லை. அத்தேர்தலைச் சூழ்ந்து நிற்கும் தடைகளே அவரை நடுவராக்குகின்றன.

வெள்ளிமலையில் இனி ஊர் நடுவர் ஒருவரை மக்களே தெரியும் காலம் வருமாயின், வாக்குச் சீட்டோடு உத்தரமேரூரின் ஆறு தடைகளையும் சேர்த்தே எண்ணல் வேண்டும். பதவிக்காலம் குறுகியதாக இருக்கட்டும். ஒரு முறை இருந்தவர் சில ஆண்டு விலகியிருக்கட்டும். தண்டப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவரும் அவர் சுற்றத்தாரும் மீண்டும் வாராதிருக்கட்டும். உறவினர் வழக்கில் நடுவர் எழுந்து வெளியேறட்டும். தேர்வு எல்லோரும் காண நடைபெறட்டும். குற்றம் கண்டால் நீக்கும் வழி திறந்திருக்கட்டும். இவற்றோடு, உத்தரமேரூர் செய்யாத ஒன்றையும் செய்தல் வேண்டும்: பெண்டிர் பெயரும் நிலமற்றார் பெயரும் அவ்வோலைக்குடத்தில் விழவேண்டும். பீகாரைப் போல அதிகாரத்தைச் சிறிதாக வரையறுத்து, மேல்முறையீட்டுக்கு வழி வைத்தலும் வேண்டும்.

இவ்வளவும் அமைந்த பின்னரும் ஒரு தேர்வு எஞ்சி நிற்கும். மலையூரின் மிக எளிய குடி ஒருத்தி, ஊரின் மிக வலியவர்மேல் வழக்கிட்டு, அந்நடுவர் முன் அச்சமின்றி நின்று பேச இயலுமா? இயலுமாயின் அவர் எவ்வழியால் வந்திருப்பினும் நடுவரே. இயலாதாயின் எத்துணை வாக்குப் பெற்றிருப்பினும் அவர் தலைவரே ஆவர், நடுவர் ஆகார்.